வழிகாட்டி நாயோடு வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்பினேன்: செலவு ரூ. 3,27,000

இதை எழுதுவதை ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தப்பு என் மேல்தான் என்பதால் வெட்கம் ஒரு பக்கம், வீட்டுப் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் போன மாதம் தேவகோட்டைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் பேச்சுவாக்கில், "நாயோட ஒரு பார்வையில்லாதவர் புக் பண்ணியிருக்காரு, கேன்சல் பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றார். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவரிடம் அரைமணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, பூர்வீக வீட்டில் ஆறு அறைகளைச் சரிசெய்து வாடகைக்கு விடுகிறவன். என் அனுபவத்தில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

வீடு செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஐந்து பங்கு. மற்ற நாலு பங்காளிகளும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். வீடு பூட்டிக்கிடந்து வீணாவதற்கு நான் எடுத்து நடத்தட்டும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். அதில் ஒரு நிபந்தனை: சாமி வீட்டை யாரும் திறக்கக் கூடாது, வளவுக்குள், அதாவது உள்முற்றக் கட்டுக்குள், அசைவம் கூடாது, முன்னோருக்குச் செய்யும் வருஷப் படைப்பு சமயத்தில் விருந்தாளிகள் கூடாது. நாயைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். படைப்பு நடக்கும் வீட்டுக்குள் நாய் வராது என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகவே இருந்ததில்லை. முகப்புத் திண்ணையில் தெருநாய் படுத்தாலே அப்பத்தா விளக்குமாற்றோடு வந்துவிடுவார்.

2023 டிசம்பர் கடைசி வாரம். எங்களுக்கு அதுதான் சீசன். மார்கழிக் குளிர், பள்ளி விடுமுறை, வெளிநாட்டுக்காரர்கள், எல்லாம் சேர்ந்து ஆறு அறையும் நிறைந்திருந்தது. நான் அன்று தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி மேற்பார்வையில் நின்றுகொண்டிருந்தேன். இரவு ஏழேகால் மணிக்கு மேனேஜர் தம்பியிடமிருந்து போன். "அண்ணே, பெங்களூர்ல இருந்து புக் பண்ணின பார்ட்டி வந்திருக்காங்க. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியலைங்கறாங்க. கூட ஒரு பெரிய நாய். உள்ள கூட்டிட்டு வருவேங்கறாங்க. முன் ரூம்ல இருக்கிற ஃபேமிலி குழந்தை பார்த்துட்டு அழுவுது. என்ன பண்ணட்டும்?"

எனக்குப் பின்னால் நாதஸ்வரம். கையில் சாம்பார் வாளியோடு ஒருவர் "செட்டியாரே, இலை போடலாமா" என்று கேட்கிறார். நான் இரண்டு விநாடிகூட யோசிக்கவில்லை. "நம்ம வீட்ல நாய்க்கெல்லாம் இடம் இல்லப்பா. வெளிய கட்டிட்டு வரச் சொல்லு. முடியாதுன்னா பணத்தைத் திருப்பிக் குடுத்து அனுப்பிடு." சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பெண் முகப்பில் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். கூட வந்த அவருடைய தோழி எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அதற்கு முன்னால் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் தம்பி நல்ல பையன், விவரம் தெரியாதவன். "கண்ணாடி போட்டிருக்கீங்க, நேரா நடந்து வர்றீங்க, கண்ணு தெரியாதுன்னு எப்படிங்க நம்புறது? சர்ட்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் வைத்து. இந்த ஒரு கேள்விதான் பின்னால் எங்கள் கழுத்தில் கத்தியாக வந்து நின்றது. நாயை மறுத்ததைவிட இதுதான் பெரிய விஷயமாகப் போயிற்று.

முதல் பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் புக் செய்யும்போது "உங்கள் வேண்டுகோள்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அவர் தெளிவாக எழுதியிருந்தார்: தனக்குப் பார்வை இல்லை, பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய் கூட வரும், தரைத்தள அறை வேண்டும் என்று. பதினோரு நாள் முன்னால். எங்கள் பக்கத்திலிருந்து தானாகப் போகும் பதிலாக "உங்கள் வேண்டுகோள் பெறப்பட்டது" என்று போயிருக்கிறது. அந்தக் கட்டத்தை நாங்கள் யாரும் படித்ததே இல்லை. பெரும்பாலும் "காலை காபி சீக்கிரம் வேண்டும்", "ஹனிமூன், பூ அலங்காரம் வேண்டும்" என்றுதான் வரும் என்று விட்டுவிட்டோம். சட்டத்தின் கண்ணில் எங்களுக்குத் தகவல் வந்தாயிற்று, நாங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டாயிற்று. இன்றைக்கு ஒவ்வொரு புக்கிங்கிலும் அந்தக் கட்டத்தை நானே படித்து, டைரியில் கையால் எழுதிவைக்கிறேன்.

அன்றிரவு பணம் ரூ. 13,600 திருப்பிக் கொடுத்தாயிற்று, பிரச்சினை முடிந்தது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். ஜனவரி 2ஆம் தேதி புக்கிங் தளத்திலிருந்து மெயில்: பாகுபாடு காட்டியதாகப் புகார், விசாரணை முடியும்வரை உங்கள் பக்கம் நிறுத்திவைக்கப்படுகிறது. நாற்பது நாள் நிறுத்திவைத்தார்கள். பொங்கல் வாரம் முழுக்க அதில் போயிற்று. அந்த ஆறு அறையும் பொங்கலுக்குக் காலியாகக் கிடந்ததை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கோலம் போட்டு, வாசலில் கரும்பு கட்டி, சமையல் ஆச்சி கந்தரப்பத்துக்கு மாவு அரைத்துவைத்து, சாப்பிட ஆள் இல்லை.

ஜனவரி மூன்றாவது வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் எழுத்து மூலம் மன்னிப்பும் நஷ்டஈடும் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். மூவாயிரம் வாங்கிக்கொண்டு, "நாய்க்கெல்லாம் கேஸா? தூக்கிப் போடுங்க. அவங்க பெங்களூர்ல இருந்து சிவகங்கைக்கு வந்து கேஸ் நடத்தப் போறாங்களா?" என்றார். எனக்கும் அதுதான் கேட்கப் பிடித்திருந்தது. தூக்கிப் போட்டேன். அந்த நேரத்தில் ஒரு பக்கத்தில் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும் என்று பின்னால் அந்தப் பெண்ணே சொன்னார்.

அவர் சிவகங்கைக்கு வர வேண்டியதே இல்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் தான் குடியிருக்கிற ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். மார்ச் 12 அன்று பெங்களூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து மனு நகலோடு நோட்டீஸ் வந்து சேர்ந்தது. வெளியூர் விருந்தாளிகளை நம்பித் தொழில் செய்கிற நாம் எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டெல்லிக்காரர் டெல்லியிலேயே போடுவார். நீங்கள்தான் போக வேண்டும்.

இங்கேதான் நான் கிட்டத்தட்ட முங்கிப்போனேன். அந்த நோட்டீஸ் கைக்கு வந்து 30 நாளில் நம் பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொல்லிக் கேட்டால் இன்னும் 15 நாள் தருவார்கள். 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. சாதாரண சிவில் வழக்கு மாதிரி வாய்தா வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளூர் வக்கீல் இருந்தார். நானும் இருந்தேன். ஏப்ரல் முதல் வாரம் வீட்டு ஆச்சிதான், என் மனைவி, பொறுக்க முடியாமல், "உங்களுக்கு வெக்கமா இருந்தா நான் போய்க் கேட்கறேன்" என்று மதுரையில் தன் தோழியின் மகள் வக்கீலாக இருப்பதைச் சொல்லிக் கூட்டிப்போனார். அந்தப் பெண் தேதியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "சித்தப்பா, இன்னும் மூணு வாரம்கூட இல்ல. பதில் போகலைன்னா அவங்க சொன்னதை மட்டும் வெச்சே தீர்ப்பு எழுதிடுவாங்க." பெங்களூரில் ஒரு வக்கீலைப் பிடித்து, தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனுவும் போட்டு, 41ஆவது நாள் பதில் போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மதுரை வக்கீல் அலுவலகத்தில் அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்ட முதல் கேள்வி: "நாயை உள்ள விடணும்னு எந்தச் சட்டத்துலம்மா இருக்கு?" அவர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்ற புத்தகத்தை என் கையில் கொடுத்து, "தேடுங்க" என்றார். தேடினேன். நாய் என்ற சொல்லே அதில் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவர் விடவில்லை. "கைத்தடிங்கற சொல்லைத் தேடினீங்களா? அதை வாசல்ல வெச்சுட்டு வரச் சொல்வீங்களா?" பிறகு பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். ஊனத்தின் அடிப்படையில் பாகுபாடு கூடாது. பாகுபாடு என்பதற்குச் சட்டம் சொல்லும் பொருளிலேயே, 'நியாயமான வசதி செய்து தர மறுப்பது' என்பதும் சேர்த்தி. அந்த வசதி நமக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால்தான் தப்பிக்கலாம். "ஒரு நாய் உங்க அறையில ரெண்டு ராத்திரி படுத்திருக்கறது என்ன சுமைன்னு நீங்கதான் ஆணையத்துல சொல்லணும்" என்றார். என்னிடம் பதில் இல்லை. படைப்பு வீடு என்றேன். "படைப்பு அன்னிக்கா அவங்க வந்தாங்க?" என்றார்.

எல்லாம் வெள்ளை கறுப்பாக இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒருத்தர் சொந்த வீட்டில் நடத்தும் சின்ன விடுதி அந்தச் சட்டம் சொல்லும் 'தனியார் நிறுவனம்' ஆகுமா என்று வாதிட இடம் இருக்கிறதாம். ஆனால் ஜிஎஸ்டி பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஆன்லைன் விளம்பரம் எல்லாம் வைத்துக்கொண்டு "இது வீடு" என்று நின்றால் சிரிப்பார்கள் என்றார். அந்த வாதம் நின்றாலும் நுகர்வோர் வழக்கில் அது உதவாது. பணம் வாங்கி, தகவல் தெரிந்தே ஒப்புக்கொண்டு, வாசலில் மறுத்தது சேவைக் குறைபாடு, அவ்வளவுதான். 2016 சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. என்னை நடுங்கவைத்தது அதுவல்ல, பிரிவு 92. பொதுமக்கள் பார்வையில் படுகிற இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை அவமதிக்கும் எண்ணத்தோடு இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. "எப்படிங்க நம்புறது, சர்ட்டிபிகேட் இருக்கா" என்று எட்டுப் பேர் முன்னால் கேட்டது அதற்குள் வருமா வராதா என்பது வேறு. அவர் போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால் அந்தப் பையன் காவல் நிலையத்தில் நின்றிருப்பான், என் வார்த்தைக்காக.

இதற்கு நடுவில் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமிருந்தும் அழைப்பு. அவருக்கும் சம்மன் அனுப்ப, ஆவணம் கேட்க சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது, போகாமல் இருந்துவிடாதீர்கள். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் போய், ஒரு மணி நேரம் பேசி, பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே யாரும் என்னைக் குற்றவாளி மாதிரி நடத்தவில்லை.

டெக்சாஸில் இருக்கும் என் மகளிடம் மூன்று மாதம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னதும், "அப்பச்சி, இங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். அவள் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அமெரிக்காவில் 1990லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே கடைக்காரரோ ஹோட்டல்காரரோ இரண்டே கேள்விதான் கேட்கலாமாம்: இது ஊனம் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? என்ன வேலை செய்யப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்? அதற்கு மேல் என்ன ஊனம் என்று கேட்கக் கூடாது, சான்றிதழ் கேட்கக் கூடாது, செய்துகாட்டச் சொல்லக் கூடாது, தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. மற்ற வாடிக்கையாளருக்கு நாய் என்றால் பயம், ஒவ்வாமை என்பதெல்லாம் மறுக்கக் காரணம் ஆகாது. இருவரையும் தள்ளித் தள்ளி வைத்துச் சமாளிக்க வேண்டும். ஆனால் நாய் கட்டுக்கடங்காமல் இருந்து, வைத்திருப்பவரும் அடக்காவிட்டால், அல்லது உள்ளே அசுத்தம் செய்தால், நாயை வெளியே கொண்டுபோகச் சொல்லலாம், ஆளுக்குச் சேவை கொடுத்தாக வேண்டும். இது அவர்கள் ஊர்ச் சட்டம், நம்மைக் கட்டாது. நம் ஊரில் இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்திருந்தால் நானே மாட்டியிருக்க மாட்டேன் என்று ஓர் ஆதங்கம் எனக்கு இன்னமும் உண்டு. ஆனால் வாசலில் நிற்கிற பையன் என்ன பேச வேண்டும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு கேள்வியையும் தமிழில் எழுதி வரவேற்பு மேஜை டிராயருக்குள் ஒட்டியிருக்கிறேன்.

பங்காளிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நாயை உள்ள விடாதது சரிதான், நம்ம வீட்டு முறை" என்று எழுதினார். செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று நான் கேட்ட அன்று அதே குழுவில் நாலு நாள் மௌனம். பெரியப்பா மகன் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நடத்தறது நீ, வருமானமும் நீ, வம்பும் நீதானப்பா" என்றார். நியாயம்தான். அந்தக் கோடை முழுக்க நான் தனியாகத்தான் பெங்களூருக்கு அலைந்தேன். திருச்சிவரை பஸ், அங்கிருந்து ராத்திரி ரயில். இரண்டு தடவை போன பிறகுதான், விண்ணப்பித்தால் வீடியோ மூலமே ஆஜராகலாம் என்று சட்டத்தில் இருப்பது தெரிந்தது. முதல் நாளே கேளுங்கள்.

செப்டம்பரில் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியது. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் அனுப்புவார்கள். ஒரு சின்ன அறை, நீள மேஜை. அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நாயைக் காணோமே என்று பார்த்தேன். மேஜைக்கு அடியில், அவர் காலுக்குப் பக்கத்தில், வெளிர் மஞ்சள் லாப்ரடார் ஒன்று முன்கால் மேல் முகவாயை வைத்துப் படுத்திருந்தது. முதுகில் தோல் பட்டை, அதில் விறைப்பான கைப்பிடி. ஒன்றேகால் மணி நேரம் நாங்கள் பேசினோம். நடுவில் எங்கள் வக்கீல் குரலை உயர்த்தினார், ஃபைல் கீழே விழுந்தது, பியூன் பிஸ்கட்டோடு காபி கொண்டுவந்தார். அது காதை மட்டும் ஒரு தடவை அசைத்தது. பதற்றத்தில் நான், "இதுக்குப் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். "வேலையில இருக்கும்போது சொல்ல மாட்டேன் சார். பேர் தெரிஞ்சா எல்லாரும் கூப்பிடுவாங்க. அதுக்குக் கவனம் சிதறினா விழறது நான்" என்றார்.

நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?" அவர் கோபப்படவில்லை. "ஆரம்பத்துல போன்தான் பண்ணுவேன் சார். நாய்னு சொன்ன உடனே ரூம் இல்லைன்னுடுவாங்க. அதனாலதான் எழுத்துல போடறேன்." கொஞ்சம் நேரம் கழித்து, "அன்னிக்கு ராத்திரி நாங்க எங்க தங்கினோம்னு நீங்க இதுவரைக்கும் ஒரு தடவையும் கேட்கலை" என்றார். காரைக்குடியில் மூன்று லாட்ஜில் கேட்டு, எங்கேயும் விடாமல், மதுரைக்குப் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் காரிலேயே விடியும்வரை இருந்திருக்கிறார்கள். பிள்ளையார்பட்டியில் காலை தரிசனம் பார்க்க வேண்டும் என்றுதான் எங்கள் ஊரையே தேர்ந்தெடுத்தாராம். பார்க்காமலே திரும்பிவிட்டார்.

அதன் பிறகு நான் வக்கீலைப் பேசவிடவில்லை. அவர் கேட்டது 60,000 ரூபாய், எழுத்தில் மன்னிப்பு, பணியாளர் பயிற்சி, எங்கள் இணையப் பக்கத்தில் 'வழிகாட்டி நாய்களுக்கு அனுமதி உண்டு' என்று ஒரு வரி. மனுவில் கேட்டிருந்ததில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை அது. கையெழுத்துப் போட்டேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் பலர் படிப்பார்கள். உள்ளூர் வக்கீல் 3,000. மதுரை 12,000. பெங்களூர் வக்கீல் 40,000. பயணம், தங்கல் 22,000. நஷ்டஈடு 60,000. தளம் நிறுத்திவைத்த நாற்பது நாளில் போன வருமானம், அதற்கு முந்தின வருஷ அதே நாள் கணக்கோடு ஒப்பிட்டு, 1,90,000. ஆக ரூ. 3,27,000. அந்த நாயை உள்ளே விட்டிருந்தால் எனக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு ஒரு கோரைப்பாயும் ஒரு வாளியும். இப்போது வாங்கிவைத்திருக்கிறேன், இரண்டும் சேர்த்து 650 ரூபாய்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். முகப்பை ஒட்டிய தரைத்தள அறையை இதற்கென்று வைத்திருக்கிறோம். படி ஏற வேண்டாம், வளவைக் கடந்து சாமி வீட்டுப் பக்கம் போக வேண்டாம், நேராகப் பக்கவாட்டு வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடலாம். இந்த வகை நாய்கள் நேரம் வைத்து, சொன்ன இடத்தில்தான் ஒதுங்கும் என்பதால், கொல்லைச் சுவர் ஓரம் மணல் கொட்டி ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். விருந்தாளி வந்ததும் அந்த இடத்துக்கு ஒரு தடவை கூட நடந்து காட்டினால் போதும். ஆத்தங்குடிக் கல் தரைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது எங்கள் வழக்கம். நாயின் நகம் அதில் வழுக்கும், கூட நடக்கிறவரும் சேர்ந்து சரிவார். அதனால் அந்த அறையிலும் நடையிலும் எண்ணெய் போடுவதில்லை. அடுப்படிக்குள் விலங்கு வரக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதியைக் காட்டி மறுக்கலாமே என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். விருந்தாளி எங்கே அடுப்படிக்குப் போகிறார்? சாப்பாடு போடும் பந்திக்கட்டில் ஓர இலையாகப் போட்டால் நாய் காலடியில் படுத்துக்கொள்கிறது. யாராவது நாய்க்குப் பயந்தால் அவர்களுக்கு வீட்டின் வேறு கட்டுக்குள் இலை போடுகிறோம். சமையல் ஆச்சிக்கு மட்டும் ஒன்றை நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது: பாவம் என்று பணியாரம் போடக் கூடாது, தட்டிக்கொடுக்கக் கூடாது, "ச்சூ ச்சூ" என்று கூப்பிடக் கூடாது. பட்டையைக் கழற்றிவிட்டு அவர்களே "இப்ப கொஞ்சலாம்" என்றால் கொஞ்சிக்கொள்ளலாம்.

தெருநாய்தான் நிஜமான தலைவலி. எங்கள் தெருக்கள் அகலம், பாதி வீடு பூட்டு, கூட்டம் கூட்டமாகத் திரியும். புது நாயைப் பார்த்தால் சுற்றி வளைத்துவிடும். அதனால் இப்படி யாராவது தங்கினால், வெளியே போகும்போது கையில் குச்சியோடு ஒரு பையன் பத்தடி முன்னால் போவான். விருந்தாளியின் கையையோ நாயின் கயிற்றையோ பிடிக்க மாட்டான். பிடித்து இழுப்பது உதவி இல்லை, அவர்களுக்குத் திசை குழம்பிவிடும் என்று பயிற்சிக்கு வந்தவர் சொல்லிக்கொடுத்தார். எதையாவது சேதப்படுத்தினால்? மற்ற விருந்தாளி உடைத்தால் வாங்குகிற அதே தொகை. முன்கூட்டி 'நாய் டெபாசிட்' வாங்குவதில்லை.

எல்லா நாயும் இதில் சேர்த்தி இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். போன ஜனவரியில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம், கையில் பக் நாய்க்குட்டி, அதற்கு இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய நீலச் சட்டை, அட்டை. மேனேஜர் தம்பி டிராயரைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டான்: "என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கீங்க சார்?" அவர், "கூட இருந்தா மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். ஆறுதல் தருவது பயிற்சி பெற்ற வேலை இல்லை. அமெரிக்கச் சட்டமே அதைச் சேவை நாயாக எடுப்பதில்லை. செல்லப்பிராணிக்கு எங்களிடம் இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லி, செல்லப்பிராணிகளை ஏற்கிற ஒரு விடுதிக்கு அவனே போன் போட்டுக் கொடுத்தான். அப்போது நான் முகப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மிச்சம் இருப்பது பங்காளிகள் ஒப்பந்தம். 'மாற்றுத்திறனாளிகளுக்குத் துணையாக வரும் பயிற்சி பெற்ற நாய் முகப்பு அறை, பந்திக்கட்டு, தோட்டம் வரை வரலாம். சாமி வீட்டுக் கட்டுக்கு வராது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிச் சுற்றுக்கு விட்டேன். கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன்தான் பெரிதாக எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவர், "வைரவன்பட்டி போய்ட்டு வந்தேன், வைரவருக்குப் பக்கத்துல நிக்கிறது என்னன்னு நானும் பார்த்தேன், போடறேன் கொண்டா" என்று முதல் ஆளாகப் போட்டுக்கொடுத்தார். என்னையும் சேர்த்து நாலு கையெழுத்து ஆயிற்று. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் மட்டும், பொங்கலுக்கு நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்கிறார். அவர் வரும்வரை முகப்பு அறைச் சாவி மேனேஜர் தம்பியிடமே இருக்கிறது. யாரையும் கேட்காமல் திறந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.